கயலினி அழுதால் சிவப்பு

வெள்ளவத்தை
02.06.2025

அண்ணா,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் பொய்யாகிவிடும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் ஹமீட் நானா. பக்கத்து வீட்டு ஸமீமா அக்காவின் கணவர். புறக்கோட்டையில் வயரும் பல்பும் விற்கிற கடை வைத்திருக்கிறார். கொட்டாஞ்சேனைக்கு ஒரு எட்டு நடந்து கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பதிலை அவரிடமே கொடுங்கள். போனில் உங்களை நான் தடுத்து வைத்திருப்பது அப்படியே இருக்கட்டும். போனில் நான் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் நீங்கள் ஏழு வரி அனுப்புவீர்கள். கடிதத்தில் இடையில் புகுந்து கதைக்க முடியாது.

சனிக்கிழமை பின்னேரம் மழைக்குக் கரண்ட் போய் வந்தது. வந்த கையோடு மறுபடி போய் வந்தது. வீட்டில் மற்ற எல்லாம் எழும்பின. சப்பாத்து ராக்கைக்கு மேல் நீங்கள் வைத்துத் தந்த சேர்வர் மட்டும் எழும்பவில்லை. திறந்து பார்த்தேன், டிஸ்க் செத்துவிட்டது. புது டிஸ்க் வாங்கிப் போட்டேன். பெட்டி இப்போது ஓடுகிறது, ஆனால் அதற்கு ஒன்றும் தெரியாது. எந்த மைக் எந்த அறையில் இருக்கிறது, எந்தச் சத்தத்துக்கு எந்த விளக்கை எரிக்கவேண்டும், எதுவும் தெரியாத புதுப் பெட்டி.

நாலு வயதுக் காய்ச்சலில் காது போன எனக்கு அந்த விளக்குகள் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாசல் மணிக்கு வெள்ளை, குக்கர் விசிலுக்கு மஞ்சள், தண்ணீர்த்தொட்டி நிரம்பி வழிந்தால் நீலம். இவை நீங்கள் செய்தவை. உங்களுக்குத் தெரியாத ஒன்று பிறகு சேர்ந்தது. கயலினி அழுதால் சிவப்பு. அது நான் செய்தது. அவளுக்கு இப்போது எட்டு மாதம். ஆஸ்பத்திரியில் நான் நித்திரையாக இருந்த நேரம் பார்த்து நீங்கள் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனதைச் செந்தூரன் பிறகு சொன்னார்.

செந்தூரன் கப்பலில். வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். பதினைந்தாம் திகதி மாமி கொக்குவிலிலிருந்து வருகிறா. "மெசினை நம்பிப் பிள்ளை வளர்க்கேலாது, கேக்கிற காது வேணும்" என்று அவ பிள்ளை பிறந்த நாளிலிருந்து சொல்லிவருகிறா. விளக்குகள் வேலைசெய்யும்வரை இங்கே இருக்கலாம் என்பதுதான் செந்தூரன் தன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. இப்போது விளக்கு இல்லை. வந்து பார்த்தால் என்னையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டுதான் போவா. நான் போனால் வேலையும் போகும், இந்த வீடும் போகும். அதைவிட, என் பிள்ளையை என்னால் பார்க்கமுடியாது என்பது ஊரறிந்த முடிவாகிவிடும்.

நாம் ஏன் கதைப்பதில்லை என்பதை நான் மறக்கவில்லை. போன ஆவணியில் சேர்வரின் பதிவுகளைப் புரட்டியபோது, ஒவ்வொரு நாள் காலையும் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பதைக் கண்டேன். எங்கள் குசினி விளக்கு எப்போது எரிந்தது, கதவு எப்போது திறந்தது, எல்லாம் பார்த்திருக்கிறீர்கள். நான் கல்யாணம் கட்டிய பொம்பிளை. என் வீடு ஒரு கடை அல்ல, கமெரா வைத்துப் பார்க்க. அன்றே கடவுச்சொற்களை மாற்றினேன். உங்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பேக்கப்பையும் நிறுத்தினேன். அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை.

கேட்பது ஒன்றுதான். ஆவணிக்கு முன்னைய பேக்கப் இன்னும் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். அழித்திருந்தால் அழித்துவிட்டேன் என்று எழுதுங்கள். நீங்கள் வரவேண்டாம்.

உஷாந்தி


கொட்டாஞ்சேனை
03.06.2025

உஷா,

இருக்கிறது. அழிக்கவில்லை. அழித்திருப்பேன் என்று நீ நினைத்ததுதான் எனக்கு விளங்கவில்லை.

இத்துடன் பென்டிரைவ் வைத்திருக்கிறேன். ஆவணி பதினோராம் திகதி, நீ கதவைச் சாத்திய அன்று வந்த கடைசி பேக்கப் அதில் உள்ளது. அனுப்புமுன் இங்கே ஒரு பழைய மெசினில் அதை ஏற்றிப் பார்த்தேன். ஒருமுறையாவது திருப்பி ஏற்றிப் பார்க்காததை நான் பேக்கப் என்று சொல்வதில்லை. உன் வீடு என் மேசையில் எழும்பியது. வாசல், குசினி, தொட்டி எல்லாம் பெயரோடு வந்தன. விளக்குகளைத் தேடித் தேடிக் காணாமல் அது பிழைச் செய்தி காட்டிக்கொண்டே இருந்தது. எனக்கே பாவமாக இருந்தது, நிற்பாட்டிவிட்டேன்.

நீ செய்யவேண்டிய முறை இது. முதலில் சாதனங்களின் பெயர்களை மட்டும் ஏற்று. ஒவ்வொரு விளக்கும் சொன்ன சொல்லுக்கு எரிகிறதா என்று பார். அதன்பிறகு விதிகளை ஏற்று. எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்றாதே. நீ அப்படித்தான் செய்யப்போகிறாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

ஆனால் யோசித்துப் பார். இந்த பேக்கப் எடுத்தபோது கயலினி பிறக்கவில்லை. இதில் அவள் இல்லை. சிவப்பு விளக்கை நீ எப்போது, எப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நீ எடுத்த பேக்கப் எங்கே? செத்த டிஸ்க்கை ஹமீட் நானாவிடம் கொடுத்துவிடு. மருதானையில் இதையே தொழிலாகச் செய்கிற ஒருவரைத் தெரியும், காட்டிப்பார்க்கிறேன்.

மற்றது. நான் வேவு பார்க்கவில்லை. செந்தூரன் கப்பலேறியதிலிருந்து நீ அந்த வீட்டில் தனியே இருந்தாய். வயிற்றில் பிள்ளை வேறு. காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது உன் குசினி விளக்கு எரிந்துவிட்டதா என்று பார்ப்பேன். எரிந்திருந்தால் நீ எழும்பிவிட்டாய். பிறகு வேலைக்குப் போவேன். அவ்வளவுதான். உன்னைப் போன் எடுத்துக் கேட்க முடியுமென்றால் கேட்டிருப்பேன்.

இடையில் புகுந்து கதைக்கிறேன் என்று சொல்லாதே. முழுக் கடிதத்தையும் வாசித்துவிட்டுத்தான் எழுதினேன்.

அண்ணா
ஹரிசன்


வெள்ளவத்தை
05.06.2025

அண்ணா,

ஒரேயடியாகத்தான் ஏற்றினேன். எல்லா விளக்கும் ஒருமிக்க எரிந்து, ஒருமிக்க அணைந்தன. பிறகு நீங்கள் எழுதிய முறைப்படி செய்தேன். வீடு வந்துவிட்டது.

வந்தது போன வருடத்து வீடு. அதை என்ன சொல்ல. செந்தூரன் கப்பலேறமுதல் போட்ட விதியை அப்போது அழிக்காமல் விட்டிருந்தேன், அவர் இன்னும் இங்கே இருப்பதாக நினைத்து அவரை எழுப்பக் காலையில் கட்டிலை அதிரவைக்கிறது. நாங்கள் எப்போதோ கொடுத்துவிட்ட மீன்தொட்டிக்கு லைற் போடப் பார்க்கிறது. அந்த வீட்டில் எனக்குப் பிள்ளை இல்லை. ஒன்றொன்றாக அதற்கு நடந்ததைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் நேற்று வாசலில் வெள்ளை விளக்கு எரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹமீட் நானாதான், பதில் எழுதியாயிற்றா என்று கேட்க வந்தவர். நன்றி என்று இதற்குமேல் விரித்து எழுதமாட்டேன்.

என் பேக்கப் எங்கே என்று கேட்டீர்கள். சிரிக்கக்கூடாது. ஒவ்வொரு நாளும் தவறாமல் எடுத்தேன். "பத்திரம்" என்று பெயர் வைத்த இடத்தில் ஒழுங்காக அடுக்கினேன். அந்தப் பத்திரம் இருந்தது அதே டிஸ்க்கில். வேறு எங்கே வைப்பது? வெளியே நான் அறிந்த ஒரே இடம் உங்கள் வீடு. அங்கே அனுப்பினால் நீங்கள் திறந்து பார்ப்பீர்கள். ஆகவே வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே ஒளித்துவைத்தேன். செத்த டிஸ்க்கையும் அனுப்புகிறேன்.

சிவப்பு விளக்கை எப்படிச் செய்தேன் என்று கேட்டதால் சொல்கிறேன். முதலில் சத்தம் கூடினால் விளக்கு எரியட்டும் என்று எழுதினேன். கடற்கரையால் ரயில் கூவிக்கொண்டு போனால் சிவப்பு. கொழும்பு–காலி வீதி பஸ் ஹோர்னுக்குச் சிவப்பு. கீழ்வீட்டு மிக்சிக்குச் சிவப்பு. ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஓடினேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தரமும் கயலினி நிம்மதியாகப் படுத்திருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஸமீமா அக்காவின் கட்டில். அவவிடம் ஒரு பழைய வாசல் மணி பட்டனைக் கொடுத்தேன். பிள்ளை அழுவது கேட்டால் அழுத்துங்கள், நின்றதும் விடுங்கள் என்று கேட்டேன். "அதுக்கென்ன, சமைக்கிற நேரமும் இடுப்புல செருகிக்கிறேன்" என்றா. மாதக்கணக்கில் அழுத்தினா. பட்டன் அழுத்தப்பட்ட நேரங்களில் மைக் பிடித்த சத்தத்தை மட்டும் எடுத்துத் திரையில் படமாகப் போட்டேன். பக்கத்தில் ரயிலின் படம், பஸ்ஸின் படம். நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் பிடிபட்டது. அழுகைக்கு மூச்சு இருக்கிறது. ஏறி, உடைந்து, கொஞ்சம் நின்று, மறுபடி ஏறுகிறது. ரயிலுக்கு மூச்சு இல்லை. அந்த நிற்கிற இடத்தைப் பார் என்று சேர்வருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு அது பிழை விட்டதே இல்லை.

என் பிள்ளை அழுவதை நான் கேட்டதில்லை அண்ணா. ஆனால் அவள் அழுகை என்ன வடிவம் என்று எனக்குத் தெரியும். அது முழுக்க அந்த டிஸ்க்கில் இருந்தது. விதிகள், படங்கள், ஸமீமா அக்கா அழுத்திய நேரங்கள் எல்லாம். இப்போது ஒரு கையைப் பிள்ளைமேல் வைத்துக்கொண்டு படுக்கிறேன். பகலில் அவளை விட்டு எழும்புவதில்லை. ஸமீமா அக்காவிடம் வீட்டுக் கதவைத் திறக்க ஒரு திறப்புக் கொடுத்திருக்கிறேன்.

மருதானைக்காரர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள்.

உஷா


கொட்டாஞ்சேனை
09.06.2025

அன்புள்ள உஷா,

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஹமீட் நானா கடை பூட்டியதால் முதலில் எழுதிய கடிதம் என் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. அது நல்லதுக்குத்தான். அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அதில் "நான் வரட்டா" என்று மூன்று இடத்தில் இருந்தது.

மருதானைக்காரர் டிஸ்க்கைத் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். "மல்லி, மேக்க இவரய்" என்றார். தம்பி, இது முடிந்தது என்று சிங்களத்தில் அவர் சொன்ன விதம் டொக்டர் சொல்வது போலவே இருந்தது. உன் பத்திரம் திரும்பி வராது.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். பத்து வருடமாக ஒரு வங்கியில் இந்த வேலை செய்கிறேன். பிள்ளை அழுதால் விளக்கு எரியவேண்டும் என்று நீ என்னிடம் கேட்டிருந்தால், நான் கடையில் ஒரு கருவி வாங்கி வயர் போட்டுத் தந்திருப்பேன். ரயிலுக்கும் அது எரிந்திருக்கும். சமாளி என்று சொல்லியிருப்பேன். அழுகைக்கு மூச்சு இருக்கிறது என்பது எனக்குத் தோன்றியிராது. இரண்டு காதாலும் கேட்கிற எனக்குத் தோன்றாதது, கேட்காத உனக்கு, படத்தைப் பார்த்தே பிடிபட்டிருக்கிறது. உன் கடிதத்தை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்லமாட்டேன். உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது. நீ எனக்குத் தங்கச்சி என்பதால் இல்லை. இதை யார் செய்திருந்தாலும் அந்த ஆளைத் தேடிப்போய்க் கை கொடுத்திருப்பேன்.

அதனால்தான் சொல்கிறேன், போனது சத்தங்கள்தான். கண்டுபிடிப்பு உன் தலையில் இருக்கிறது. எந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று உனக்குத் தெரியும். முதல்தரம் மாதக்கணக்கில் எடுத்தது இம்முறை நாட்களில் முடியும். ஸமீமா அக்காவைத் திரும்பவும் பட்டனை இடுப்பில் செருகச் சொல்.

ஒரு யோசனையும் இருக்கிறது. இதை நான் போன வருடமே சொல்லியிருக்கலாம். கோபத்தில் எனக்கும் மூளை ஓடவில்லை. பேக்கப்பை உன் மெசினிலேயே பூட்டு. நீ போடுகிற சில சொற்கள்தான் திறப்பு. பூட்டிய பிறகு எனக்கு அனுப்பு. என் வீட்டில் இருப்பது பூட்டிய பெட்டி மட்டும். நான் தலைகீழாக நின்றாலும் திறக்க முடியாது. உன் வீட்டில் எந்த விளக்கு எரிந்தது என்று எனக்குத் தெரியவே வராது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. திறப்பு அந்த சேர்வரில் மட்டும் இருந்தால் சேர்வரோடு அதுவும் சாகும். கடதாசியில் எழுதி வெளியே ஒருவரிடம் கொடு. என்னிடம் தராதே. பெட்டி ஒருவரிடம், திறப்பு இன்னொருவரிடம் இருக்கவேண்டும். நீ நம்புகிற ஆளாகப் பார்.

அண்ணா


வெள்ளவத்தை
12.06.2025

அண்ணா,

கயலினிக்குப் பல் முளைக்கிறது. இந்த நேரம் பார்த்து முளைத்ததற்கு அவளுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும். பௌர்ணமிப் போயா விடுமுறை முழுக்க அழுதாள். ஸமீமா அக்கா அழுத்தி அழுத்திப் பெருவிரல் நோகிறது என்றா. "சும்மா சிணுங்குறதுக்கும் அழுத்தணுமா மகள், இல்ல அழுகைக்கு மட்டுமா" என்று கேட்டா. முதல்தரம் இந்தக் கேள்வியை நானும் கேட்கவில்லை, அவவும் கேட்கவில்லை. சிணுங்கலுக்கு வேறு பட்டன் கொடுத்தேன். இப்போது சிணுங்கினால் மெல்லிய சிவப்பு, அழுதால் முழுச் சிவப்பு. பழையதைவிட இது திறம்.

நீங்கள் சொன்னது சரி, கை தானாக எழுதியது. எதை எங்கே எழுதவேண்டும் என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. நேற்றுப் பின்னேரம் ரயில் போனது. விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எரியவில்லை. ரயில் போன கையோடு இவள் அழுதாள். எரிந்தது. நான் பிள்ளையைத் தூக்கமுதல் ஒரு ஆட்டம் ஆடினேன், அதை யாரும் பார்க்கவில்லை.

பூட்டிய பெட்டியும் அனுப்பினேன். வந்து சேர்ந்ததா? திறக்கப் பார்த்திருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

திறப்பை யாரிடம் கொடுப்பது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. ஸமீமா அக்காவிடம் கொடுக்கலாம். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடு, தீப்பிடித்தால் இரண்டுக்கும்தான் பிடிக்கும். பாருங்கள், நான் உங்களைப் போலக் கதைக்கத் தொடங்கிவிட்டேன்.

உங்கள் முந்திய கடிதத்தில் பெருமை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்தைச் செந்தூரனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கப்பலில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாராம்.

மாமி ஞாயிற்றுக்கிழமை வருகிறா. பயமாக இருக்கிறது.

உஷா


கொட்டாஞ்சேனை
13.06.2025

அன்புள்ள உஷா,

பெட்டி வந்தது. ஓம், திறக்கப் பார்த்தேன். பூட்டுச் சரியா என்று பார்க்கவேண்டுமே. முடியவில்லை. நன்றாகப் பூட்டியிருக்கிறாய்.

ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்க விருப்பமில்லை. உன் பெட்டி வந்துசேர்ந்தால் என் போனுக்கு ஒரு வரி வரும். அதை யாராவது திருப்பி எடுத்தாலும் ஒரு வரி வரும். அதற்குமேல் ஒன்றும் வராது. அந்த வரிகூட வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன்.

மாமி வருமுன் ஒருதரம் திருப்பி ஏற்றிப் பார். வேறு டிஸ்க்கில் செய். ஓடுகிற வீட்டில் கைவைக்காதே. நடுவில் எங்காவது நின்றுவிட்டால் மாமிக்கு முன்னால் நீ வெறும் பெட்டியோடு நிற்கவேண்டி வரும். தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் நான் சொல்கிறபடி செய்.

பயப்படாதே என்று எழுதமாட்டேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

அண்ணா


வெள்ளவத்தை
18.06.2025

அண்ணா,

அந்த வரி வரட்டும். நிறுத்தவேண்டாம்.

நீங்கள் சொன்னபடி நான் செய்யவில்லை. முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

பெட்டி செத்து எழும்பியதை மாமி வந்த அன்றே சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தா. நான் குசினியில் நிற்கும்போது பிள்ளை அழுதால், சிவப்பு எரிகிறதா, நான் திரும்புகிறேனா, எத்தனை அடியில் போகிறேன் என்று எல்லாம் பார்த்தா. குறை கண்டுபிடிக்கப் பார்க்கிறா என்று முதல் நாள் நினைத்தேன். இரண்டாம் நாள் விளக்கு எரியமுதலே அவ என் முகத்தைப் பார்ப்பதைக் கண்டேன். அவவும் பயந்துகொண்டுதான் இருந்தா.

செவ்வாய்க்கிழமை காலை சாப்பாடு முடிந்து என் முன்னால் வந்து இருந்தா. வாயை நன்றாக அசைத்து, எனக்கு விளங்கவேண்டும் என்று ஆறுதலாகச் சொன்னா. "எல்லாம் சரி பிள்ளை. நீ கெட்டிக்காரிதான். ஆனா முந்தநாள் செத்துக் கிடந்த பெட்டிதானே இது. நாளைக்கு இன்னொருக்காச் செத்தா? அண்டைக்கு நான் கொக்குவிலில, அவன் கடலில. நீ என்ன செய்வாய்?"

இதற்கு வாயால் பதில் சொல்லலாம். பேக்கப் இருக்கிறது மாமி, கொட்டாஞ்சேனையில் இருக்கிறது மாமி என்று சொல்லலாம். அவவுக்கு அது காற்றோடு போகிற சொல். நான் எழும்பிப் போய் அவவின் கதிரையை சேர்வருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். "பாருங்கோ மாமி" என்றேன். டிஸ்க்கில் இருந்ததை முழுக்க அழித்துத் துடைத்தேன்.

வேறு டிஸ்க்கில் இல்லை. ஓடிக்கொண்டிருந்ததைத்தான்.

விளக்குகள் எல்லாம் போயின. மாமி வாயில் கைவைத்தா. நான் புதிதாகத் தொடங்கி, உங்கள் வீட்டுப் பெட்டியைக் கூப்பிட்டு, திறப்புச் சொற்களை அடித்தேன். அது மெதுவாக வந்துகொண்டிருந்தது. நடுவில் நின்றுவிட்டால் என் பெட்டி படுக்கையோடு கொக்குவில்தான் என்று எனக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்துக் கயலினி எழும்பினாள். விளக்கு இல்லை, ஒன்றுமில்லை. மாமி சட்டென்று அறைப்பக்கம் திரும்பினா. அவ திரும்பமுதலே நான் பாதி வழியில் இருந்தேன். திறந்திருந்த கதவால் நுளம்புவலை அசைந்ததைக் கண்டிருந்தேன். நான் எந்த வேலை செய்தாலும் இடைக்கிடை அந்தப் பக்கம் ஒருதரம் பார்க்காமல் இருப்பதில்லை. விளக்கு இருப்பது நான் பார்க்காத நேரத்துக்கு மட்டும். இது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. மாமி கதிரையை விட்டு எழும்பவில்லை.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து ஒரு கையால் மிச்சத்தை முடித்தேன். அவள் பசியில் அழுதுகொண்டே இருந்தாள். விதிகள் ஏறின. முழுச் சிவப்பு எரிந்தது. கீழ்வீட்டு மிக்சிக்கு இல்லை, என் பிள்ளைக்கு.

மாமி இப்போதுதான் கதிரையை விட்டு எழும்பினா. பிறகு பிள்ளையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னா. "நான் எழும்பமுதல் நீ பிள்ளையிட்டைப் போட்டாய். காது கேக்கிற நான் இருந்த இடத்தில இருந்தன்." அதற்குப் பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவன் வரட்டும். நீங்கள் இஞ்சையே இருங்கோ."

அப்போது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. திறப்புச் சொற்களைக் கடதாசியில் எழுதி, மாமியின் கையில் கொடுத்தேன். இந்த வீடு நடந்ததெல்லாம் மறந்துபோனால் இதுதான் நினைவுபடுத்தும், கொழும்புக்கு வெளியே இது ஒரு இடத்தில் இருக்கவேண்டும் என்று சொன்னேன். "உதை என்னட்டையோ தாறாய்" என்று இரண்டு தரம் கேட்டா. பிறகு மடித்துச் சங்கிலி வைக்கிற பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினா. பிள்ளையை விட்டுப் பிரிக்க வந்தவ, இந்த வீட்டின் திறப்போடு போகப்போறா.

இப்போது கோபப்படலாம்.

உஷா


கொட்டாஞ்சேனை
19.06.2025

அன்புள்ள உஷா,

கோபப்பட ஒன்றும் மிச்சமில்லை, பதறவேண்டியதைச் செவ்வாய்க்கிழமையே பதறி முடித்துவிட்டேன். அதை எழுதுகிறேன்.

காலையில் கூட்டமொன்றில் இருந்தேன். போனுக்கு அந்த வரி வந்தது. வெள்ளவத்தைப் பெட்டி திருப்பி எடுக்கப்படுகிறது என்றிருந்தது. புது டிஸ்க்கும் செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மாமி வீட்டில் இருக்கிறா, நீ வெறும் பெட்டியோடு நிற்கிறாய். மேலதிகாரி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார், பதில் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன். பஸ் கொள்ளுப்பிட்டியில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. இறங்கி ஓட்டோ பிடித்தேன். உன் ஒழுங்கையில் இறங்கி, உன் கேற்றுக்கு முன்னால் வந்துவிட்டேன். அப்போது இரண்டாவது வரி வந்தது. முடிந்தது, பிழை எதுவுமில்லை.

கேற்றில் கைவைத்தபடி அதை வாசித்தேன். நீ வரவேண்டாம் என்று எழுதியிருந்தாய். நீ என்னைக் கூப்பிடவும் இல்லை, உனக்கு நான் தேவைப்படவும் இல்லை. அதற்குமேல் எனக்குத் தெரியவேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. திரும்பி நடந்துவிட்டேன். உன் கடிதம் வரும்வரை, டிஸ்க் செத்ததைத் தனியே சமாளித்திருக்கிறாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே துடைத்தாய் என்று வாசித்தபோது கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

எங்கள் வங்கியில் இப்படித் துடைத்துப் பார்ப்பதற்கு ஒரு குழு வேண்டும், கையொப்பங்கள் வேண்டும், ஆள் நடமாட்டமில்லாத ஞாயிற்றுக்கிழமை வேண்டும். அப்படியிருந்தும் ஓடுகிறதில் கைவைக்க எங்களில் ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை. நீ இடுப்பில் பிள்ளையோடு, மாமியைப் பக்கத்தில் இருத்திவைத்துச் செய்திருக்கிறாய். நான் உனக்குச் செய்யாதே என்று எழுதியது பிழை என்று சொல்லவரவில்லை. திரும்பவும் அதையேதான் எழுதுவேன். நீயும் கேட்கமாட்டாய். அப்படியே இரு.

திறப்பை மாமியிடம் கொடுத்தது எனக்கு ஒருகாலும் தோன்றியிராது. உன்னை நம்பாத ஒருவரிடம் வீட்டை நம்பிக் கொடுத்திருக்கிறாய். இனி அவ உன் வீட்டுக்கு எதிராக ஒரு சொல் சொல்ல முடியாது. இதைத் திட்டம்போட்டுச் செய்தாயா, தன்பாட்டில் வந்ததா என்று ஒருநாள் சொல்.

பெட்டி இப்போது ஒவ்வொரு நாளும் வருகிறது. உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது. நீ எழும்பினாயா, என்ன சமைத்தாய், கதவை யார் தட்டினார்கள், ஒன்றும் தெரியாது. உன் வீடு ஓடுகிறது என்று மட்டும் தெரிகிறது. போன வருடமும் எனக்கு வேண்டியிருந்தது அதுதான் உஷா. அதற்கு எந்த வழியால் வருவது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அண்ணா


வெள்ளவத்தை
20.06.2025

அண்ணா,

தன்பாட்டில்தான் வந்தது. திட்டம் என்று மாமியிடம் சொல்லிவிடாதீர்கள்.

கேற்றில் கைவைத்துவிட்டுத் திரும்பிப் போனதை அவவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. நேற்றிலிருந்து ஒரே கேள்விதான். "திறப்பு என்னட்டை. பெட்டி ஆரிட்டை? உன்ர அண்ணனிட்டையோ? அந்தப் பெடியனை நான் ஒருக்கா முகத்துக்கு முகம் பாக்கவேண்டாமோ?" திங்கட்கிழமை அவ ஊருக்குப் போகிறா. திறப்பு வைத்திருப்பவவும் பெட்டி வைத்திருப்பவரும் ஆளையாள் அறியாமல் இருப்பது ஒழுங்கில்லை என்பது அவவின் முடிவு. எனக்கும் அதில் பிழை தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வாருங்கள். கயலினிக்கு இரண்டு பல் வந்துவிட்டது, நீங்கள் கடைசியாகப் பார்த்த பிள்ளை இல்லை இவள். நானும் இம்முறை நித்திரையாக இருக்கமாட்டேன்.

கேற்றுப் பூட்டுவதில்லை. மேலே வாருங்கள்.

உஷா